நெல் கணக்குத் தாளில் டொலர் அடையாளம் போட்ட அனுபவம்

2025 பெரும்போக நெல் வெட்டு நேரம், மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தில் கணக்குப் பார்த்தேன். அந்தப் பெப்ரவரியில் அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்திருந்தது: கிலோவுக்கு நாடு என்ற நெல் வகை 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. நாங்களும் அதே விலைக்குத்தான் எடுத்தோம். முன்பு இருந்தவர் செய்துவைத்த எக்செல் தாள் என் கைக்கு வந்தது. அதைச் சரிக்கட்டிய விதத்தை எழுதுகிறேன். சங்கக் கணக்கோ சம்பளப் பட்டியலோ செய்கிறவர்களுக்கும் இது உதவும்.

தாள் இப்படி இருந்தது. ஏ2 முதல் ஏ4 வரை நெல் வகைகள், பக்கத்தில் பி2, பி3, பி4 கலங்களில் (கட்டங்களில்) விலை. ஐந்தாவது நிரை (குறுக்கு வரிசை) வெறுமை. ஆறாவதில் பெயர், வகை, நிறை, தொகை என்று தலைப்புகள். ஏழாவதிலிருந்து விவசாயிகள். டி7-இல் சூத்திரம் =சி7*பி2. முதல் ஆளின் 640 கிலோ நாட்டு நெல்லுக்கு 76,800 ரூபாய் வந்தது. சரியான தொகை. அந்தக் கலத்தின் மூலையைப் பிடித்து அப்படியே கீழே இழுத்து விட்டிருந்தார்கள்.

நான்காவதாக நின்ற பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன மகன், என்ட நெல்லுக்கு ஒரு சதமும் இல்லையா?" டி10-இல் பூச்சியம். அதற்குக் கீழே வரிசையாக #வேல்யூ! என்று பிழை.

பூச்சியமும் பிழையும் கண்ணில் படும், யாராவது கேட்பார்கள். என்னைப் பதறவைத்தவை அவற்றுக்கு மேலே இருந்த இரண்டு வரிகள். இரண்டாவது ஆளின் 815 கிலோவுக்கு 101,875 ரூபாய், மூன்றாவது ஆளின் 1,200 கிலோவுக்கு 158,400. இரண்டும் நாடு. வர வேண்டியவை 97,800, 144,000. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத தொகைகள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காரணம் இதுதான். பி2 என்று வெறுமனே எழுதினால் எக்செல் அதை "இந்தக் கலத்திலிருந்து ஐந்து நிரை மேலே, இரண்டு நிரல் (நெடு வரிசை) இடப்பக்கம்" என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நிரை கீழே இழுத்தால் பார்வையும் ஒரு நிரை இறங்கும். எனவே இரண்டாவது ஆளுக்குச் சம்பா விலை, மூன்றாவது ஆளுக்குக் கீரிச் சம்பா விலை. நான்காவது ஆளுக்கு வெறுங்கலமான பி5, அதனால் பூச்சியம். ஐந்தாவது ஆளுக்கு 'வகை' என்ற எழுத்து இருக்கும் பி6. எழுத்தைப் பெருக்க முடியாது, பிழை. இதைத்தான் ரிலேட்டிவ் என்கிறார்கள். நிறைக்கு அது வேண்டும். சி7 அடுத்த வரியில் சி8 ஆகத்தான் வேண்டும். விலை மட்டும் நகரக்கூடாது.

சூத்திரத்தில் பி2-ஐத் தொட்டு எஃப்4 விசையை அழுத்தினேன், $பி$2 ஆனது. இது அப்சலூட், இழுத்தாலும் நகராது. மறுபடி அழுத்தினால் பி$2, அப்புறம் $பி2, பிறகு பழையபடி பி2. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஆனால் எல்லோரும் நாடு கொண்டுவருவதில்லையே. வகையைப் பார்த்து விலையை எடுக்க =சி7*வீலுக்கப்(பி7,$ஏ$2:$பி$4,2,0) என்று மாற்றினேன். இங்கும் டொலர் முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்த வரியிலேயே பட்டியல் ஏ3-இலிருந்து தொடங்கும், நாடு வெளியே போய்விடும். சம்பா அந்த வரியில் மட்டும் சரியாக வரும், கீரிச் சம்பா அதற்கடுத்த வரி வரை.

சுவரில் ஒட்ட ஒரு விலை அட்டவணையும் கேட்டார்கள். அதை வேறொரு தாளில் செய்தேன். ஏ நிரலில் 50, 100, 150 கிலோ, முதல் நிரையில் மூன்று விலைகள். பி2-இல் =$ஏ2*பி$1 என்று ஒரே சூத்திரம். வலப்பக்கமும் கீழேயும் இழுத்ததும் முழு அட்டவணையும் நிரம்பியது; 50 கிலோவுக்கு 6,000, 6,250, 6,600. ஏ-க்கு முன்னால் உள்ள டொலரை விட்டால் இரண்டாவது கலம் 6,000-ஐ 125-ஆல் பெருக்கி 750,000 காட்டும். டொலர் எந்த எழுத்துக்கு அல்லது எண்ணுக்கு முன்னால் நிற்கிறதோ அது மட்டுமே பூட்டப்படும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிறகு கொள்வனவுத் தாளின் மேலே நிலையத்தின் பெயர் போட ஒரு நிரையைச் செருகினோம். $ஏ$2:$பி$4 தானாகவே $ஏ$3:$பி$5 ஆனது, தொகைகள் மாறவில்லை. டொலர் தடுப்பது நகலெடுக்கும்போது வரும் நகர்வை மட்டும்தான்.

இப்போது எந்தத் தாளை இழுத்தாலும் முதல் வரியை நம்புவதில்லை. கடைசி விவசாயியின் கலத்துக்குப் போய் எஃப்2 அழுத்துவேன். சூத்திரம் பார்க்கும் கலங்களைச் சுற்றி நிறப் பெட்டிகள் வரும். விலைக்கான பெட்டி மேலே விலைப் பட்டியலில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பற்றுச்சீட்டு அச்சடிப்பேன்.