முதலில் அந்தக் கோப்புறையை அழித்துவிடுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், உள்ளே பற்றவைப்பு எவ்வளவு என்பது உருக்கினால்தான் தெரியும். மென்பொருளின் மூலக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய டார்பாலும் அப்படித்தான். தர்ட்பார்ட்டி, வெண்டார், டெப்ஸ் என்று ஏதோ ஒரு பெயருள்ள கோப்புறையில், தரவைச் சுருக்கும் ஸீலிப், எழுத்துகளை இணைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் போன்ற பிறருடைய லைப்ரரிகள் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கும். சேலத்தில் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கு நிரல்களைப் பேக்கேஜ் செய்யத் தொடங்கும் தம்பி தங்கைகள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஸீலிப்பின் சிவிஇ-2018-25032 என்ற பாதுகாப்பு ஓட்டை 2022 மார்ச்சில் வந்த 1.2.12-இல்தான் அடைபட்டது. டிஸ்ட்ரோ தன் ஸீலிப்பைப் புதுப்பித்தால் அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் பிழைத்தன. உள்ளே சொந்தப் பிரதி வைத்திருந்தவை பழைய ஓட்டையோடே நின்றன.

'சிஸ்டம் ஸீலிப்பைப் பயன்படுத்து' என்று, நிரலைக் கட்டும் (பில்ட்) கருவியான சிமேக்கில் ஒரு ஆப்ஷன் இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். லைப்ரரியோடு சேர்த்துக் கட்டத் தேவையான டெவ் பேக்கேஜ் இல்லையென்றால் சில நிரல்கள் சத்தமில்லாமல் உள் பிரதிக்கே திரும்பிவிடும். இன்னொரு பில்ட் கருவியான மெசானில் 'நோடவுன்லோட்' போதாது. அது இறக்குவதை மட்டும் தடுக்கும், டார்பாலில் ஏற்கெனவே இருக்கும் சப்-புராஜெக்டை, அதாவது உள் பிரதியை, தடுக்காது. 'நோஃபால்பேக்' வேண்டும்.

அதனால் அழிப்பதே நல்லது. ஃபெடோராவில், பேக்கேஜ் கட்டும் படிகள் உள்ள ஸ்பெக் கோப்பின் பிரெப் பகுதியில், டார்பாலைப் பிரித்த மறுவரியிலேயே. டெபியனில் காப்பிரைட் கோப்பின் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்' வரியில் எழுதினால் யூஸ்கேன் என்ற கருவி அதை நீக்கி டார்பாலை மறுபடி கட்டித்தரும். டார்பாலை மாற்றியது தெரியப் பதிப்பெண்ணில் +டிஎஸ் சேருங்கள். பில்ட் உடையும், உடையட்டும். மேற்கோள்குறிக்குள் உள் பாதையைக் கொடுத்திருக்கும் இன்க்ளூட் வரிகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பேட்ச் போட்டு, மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள். பில்ட் நெட்டை நம்பியிருக்கக்கூடாது: ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் அறுந்தாலும் பில்ட் முடியவேண்டும். டிஸ்ட்ரோவின் பில்ட் கணினிகளிலும் நெட் கிடையாது.

முடிந்ததும், நிரலுக்கு எந்த லைப்ரரிகள் தேவை என்று காட்டும் ரீட்எல்ஃப் -டி ஓட்டுங்கள். நீடட் வரிசையில் சிஸ்டம் ஸீலிப்பான லிப்ஸெட்.எஸ்ஓ.1 இருக்கவேண்டும். அத்தோடு விடாமல், நிரலுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்களைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டி 'இன்ஃப்ளேட் 1.2.11 காப்பிரைட்' போன்ற வரியைத் தேடுங்கள். வந்தால் ஒரு பிரதி நிலையாக ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

ஹார்ஃப்பஸை மாற்றினால் லோஹித் தமிழ் எழுத்துருவில் 'கொ' அடித்துப் பாருங்கள். இணைப்பு சரியில்லையென்றால் கொம்பும் காலும் இரண்டுமே ககரத்துக்குப் பின்னால் போய் விழும்.

மூல ஆசிரியர் அந்த லைப்ரரியையே மாற்றியிருந்தால்? அதே பதிப்பின் அசலோடு டிஃப் எடுத்து வேறுபாட்டைப் பாருங்கள். பல நேரம் பில்ட் கோப்பு மட்டுமே மாறியிருக்கும், தயங்காமல் அழியுங்கள். செயற்கூறே மாறியிருந்தால் விட்டுவைத்து, ஃபெடோராவில் 'புரவைட்ஸ்: பண்டில்ட்' வரியில் பெயரும் பதிப்பும் எழுதுங்கள், அடுத்த ஓட்டை தெரியவரும்போது பாதுகாப்புக் குழு தேடுவது அந்த வரியைத்தான். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் கோப்புறைப் பட்டியலைப் பழையதோடு ஒப்பிடுங்கள், புதிதாக ஒன்று நுழைந்திருக்கலாம்.