பிக் பிளைண்டில் போட்ட பத்து டாலர்

பந்தய அளவு நிர்ணயிக்கப்பட்ட போக்கர் ஆட்டமான லிமிட் ஹோல்டமில் மேசைக்கு நாலைந்து பேர்தான் என்றால், சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் போடும் பிக் பிளைண்ட் இருக்கை அடிக்கடி நம்மிடம் வரும். அந்த இருக்கையில் வல்லவர்களுக்கும் நீண்ட கணக்கில் நஷ்டம்தான். அதனால் ஒரு கையை (நமக்கு வந்த இரு சீட்டுகளை) அளக்க வேண்டியது ஏற்கெனவே போட்ட பணத்தை வைத்து: விலகினால் முழுதாகப் போகும் அந்தப் பணத்தில், ஆடினால் எவ்வளவு மிஞ்சும்?

10-20 டாலர் ஆட்டத்தில் (பந்தயம் முதலில் 10, பிறகு 20) ஸ்மால், பிக் பிளைண்டுகள் 5, 10. பட்டன் (சீட்டு பகிர்பவரின் இருக்கை) 20-க்கு ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, ஸ்மால் பிளைண்ட் விலகினால் பாட்டில் (நடுவில் சேரும் பணத்தில்) 35 இருக்கும். நாம் போட வேண்டியது 10. 45-ல் 10, அதாவது 22% வெற்றி போதும். படுமட்டமான 7-2கூட, எதிராளியிடம் எந்த இரு சீட்டும் இருக்கலாம் என வைத்து ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை போனால், சுமார் 35% ஜெயிக்கும். இதை நம்பி எல்லாவற்றையும் கால் செய்வது (சமமாகப் பணம் போட்டுத் தொடர்வது) தவறு. ஜோடி இல்லாத கைக்கு ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஏதாவது கிடைப்பது மூன்றில் ஒரு தடவைதான். மற்ற தடவைகளில் பெரும்பாலும் ஒரு பந்தயத்திலேயே ஓட வேண்டிவரும். பாட்டிலிருந்து ரேக் (ஆட்டக்கூடத்தின் பங்கு) 3 டாலர் எடுத்தாலே தேவை 24% ஆகிவிடும். பட்டனுக்கு எதிராக ஒரே சூட் (ஒரே சின்னம்) கைகள் அனைத்தையும் ஆடலாம். வேறு சூட்டில் 7-2, 8-2, 9-3 போன்றவற்றை விட்டுவிடலாம்.

ரெய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மிக முக்கியம். ஸ்மால் பிளைண்டிலிருந்து வந்தால் பாட்டில் 30தான், தேவை 25%. ஆனாலும் இங்கே இன்னும் தாராளமாகக் கால் செய்யலாம், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் நாம்தான் கடைசியில் பேசுகிறோம். முதல் இருக்கைக்காரர் ரெய்ஸ் செய்தாலோ ராஜா-3, ராணி-4 இரண்டும் பொறி. ராஜா விழுந்து ஜோடி சேரும். அவரிடம் ராஜாவோடு பெரிய சீட்டு இருக்கும். ஃப்ளாப்பில் 10, டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) 20, ரிவரில் 20 என 50 டாலர் போய்விடும். அதைவிட ஒரே சூட் 7-6 மேல்.

கால் செய்தபின் பணம் கரைவது பெரும்பாலும் டர்னில். அங்கே பந்தயம் இரட்டிப்பாகிறது. அதுவரை வெறும் கால் என்றால் பாட்டில் 65. அவர் 20 வைத்தால் 85. ரிவர் வரை பார்க்க இன்னும் 40 செலவு, ரிவரில் அவர் வைக்கும் 20-ஐயும் சேர்த்துக் கிடைக்கக்கூடியது 105. தேவை சுமார் 28%. கடைசி ஜோடியோடு (பொதுச் சீட்டுகளில் சிறியதோடு சேர்ந்த ஜோடி) இந்தக் கணக்கைப் போடாமலே கால் செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. நேர்மாறான பிழையும் உண்டு: ரிவரில் 125-க்கு 20 கேட்கும்போது 14% போதும், அங்கே பயந்து விலகுகிறார்கள்.

ஃப்ளாப்பில் ஒன்றுமில்லாமல் செக்-ரெய்ஸ் செய்து (முதலில் பந்தயம் வைக்காமல் விட்டு, அவர் வைத்ததும் உயர்த்தி) மிரட்டுவதும் லிமிட்டில் தனியாக எடுபடாது. பாட்டில் 75 கிடக்க, எதிராளி போட வேண்டியது 10 மட்டும்; அவர் போடத்தான் செய்வார். டர்னிலும் 20 வைக்கத் துணிவிருந்தால், கையில் ஒரு டிராவாவது (சரியான சீட்டு வந்தால் பலமாகும் கை) இருந்தால், செய்யலாம்.

2015-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் நிரல் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தது. ரேக் இல்லாத அந்த ஆட்டத்தில், பிழையின்றி ஆடினால், பிக் பிளைண்டின் சராசரி நஷ்டம் 10 டாலருக்கு 90 சென்ட்கூட இல்லை. தன் பதிவுகளில் பட்டனுக்கு எதிராகக் கால் செய்த கைகளை மட்டும் பிரித்துப் பார்ப்பவருக்கு ராணி-5 சராசரியாக 8 டாலர் நஷ்டம் காட்டினால், அதை ஆடியது சரிதான்; விலகியிருந்தால் 10 போயிருக்கும். சில நூறு கைகளை வைத்து மட்டும் அந்த முடிவுக்கு வரக் கூடாது. பல ஆயிரம் வேண்டும்.