நசுங்கிய வேகன் ஆர்: எந்தப் பாகத்துக்குக் கம்பெனி பொருள், எதற்கு வெளிப் பொருள்?

வேலந்தாவளம் சாலையில் இரவில் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்ததில் எங்கள் 2012 வேகன் ஆரின் இடது முன்பக்கம் நசுங்கிப்போனது. பம்பர் பிளந்தது, ஹெட்லைட்டை வண்டியில் மாட்டும் காதுகள் உடைந்தன, முன்சக்கரத்தின் மேல் இருக்கும் தகடான ஃபெண்டர் மடங்கியது, பானெட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது. ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் சேதமில்லை. அது உறுதியான பிறகுதான் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுத் தென்னந்தோப்பு நிழலிலேயே வேலையைச் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். சட்டம் வளைந்திருந்தால் இந்த ஆசைக்கே இடமில்லை. அதை அளந்து நிமிர்த்தும் வசதியுள்ள பட்டறைக்குத்தான் வண்டி போயிருக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50. பெயிண்டுக்கான பொருள் செலவிலும் பாதி நம் தலையில். 1500 சிசி வரையிலான காருக்கு, நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1000 ரூபாய். இத்தனைக்கும் மேல், இழப்பீடு கேட்காமலிருந்ததற்காக ஐந்து ஆண்டாகச் சேர்ந்த 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், கையை விட்டுப் போய்விடும். பழைய வண்டியின் சிறிய அடிக்கு அது கட்டுப்படியாகாது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஃபெண்டர்தான். கோவையில் வாங்கிய வெளிப் பொருள், அதாவது கார் கம்பெனியின் பெயரில் வராமல் வேறு யாரோ செய்து விற்பது, கம்பெனி விலையில் பாதிகூட இல்லை. பார்வைக்குக் கருகருவென்று அழகாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனித் தகட்டை அடிப்பூச்சான பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். மடிப்புக்குள்ளும் ஓரத்துக்குள்ளும் அந்தப் பூச்சு இறங்கியிருக்கும். மலிவான தகடுகள் பலவற்றில் இருப்பது, கடைக்கு வந்து சேரும்வரை துரு பிடிக்காமலிருக்க அடித்த வெறும் கறுப்புப் பெயிண்ட். வித்தியாசம் கண்டுபிடிக்க டிங்கரிங் வேலை செய்யும் அண்ணன் எளிய வழி ஒன்று சொன்னார்.

“தம்பி, வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து, வெளியே தெரியாத உள்பக்கத்தில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்பு துணியில் வந்தால் அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.”

துடைத்தேன். துணி மை தொட்டதுபோல் கறுத்தது. தகட்டில் வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அப்படிப்பட்ட தகட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் பூச்சு முழுவதையும் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும். மடிப்பின் உள்ளே எந்தச் சுரண்டியும் போகாது. இங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சக்கரம் வாரியடிக்கும் சேறு ஃபெண்டரின் கீழ் மூலையில்தான் தங்குகிறது. துரு முதலில் எட்டிப்பார்ப்பதும் அங்கேதான்.

அதோடு விடாமல் வண்டியில் பொருத்தியும் பார்த்தேன். மேல் போல்ட்டுகள் நேராக உட்கார்ந்தன. கீழ் துளை மட்டும் ஒரு நூல் தள்ளி நின்றது. இழுத்து மாட்டினால் கதவோரத்து இடைவெளி மேலே விரிந்து கீழே ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்தால் உரசும். துளையை அரத்தால் அகலப்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், அதுவும் பெயிண்ட் படாமல் இருந்ததால்தான். பொருத்திப் பார்க்காத எந்தப் பாகத்துக்கும் நிறம் அடிக்கவே கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியில் கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் இன்னொரு வேகன் ஆரிலிருந்து கழற்றிய அசல் ஃபெண்டர் கிடைத்தது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்தினேன். பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். இதில் எங்கும் தளரவில்லை. கீழ் மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்கினேன். நிறம் வேறு, ஆனால் போல்ட் எல்லாம் கையாலேயே ஏறின. புதிய மலிவுத் தகட்டைவிடப் பழைய அசல் தகடு மேல் என்பதில் இப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பம்பர் கதை வேறு. மோதலின் வேகத்தைத் தாங்குவது பின்னால் இருக்கும் இரும்புதான்; வெளியே தெரியும் பம்பர் வெறும் தோல். அதனால் வெளிப் பொருளே போதும் என்று துணிந்தேன். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்: ‘பிபி, ஈபிடிஎம்’ என்று பிளாஸ்டிக்கின் வகை அச்சில் பதிந்திருந்தது. ரப்பர் கலந்த அந்த வகை, லேசாகத் தட்டினால் வளைந்து கொடுக்கும். பக்கத்திலிருந்த இன்னும் மலிவான ஒன்றில் எந்தக் குறியும் இல்லை. கிளிப் மாட்டும் காதுகள் தகரம்போல மெலிந்திருந்தன. அதைத் தொடவில்லை. வாங்கியதில் இடது மூலை மட்டும் மிகக் கொஞ்சம் விலகி நிற்கிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

ஹெட்லைட்டில் நடுவழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. மாருதிக்கு விளக்கு செய்து கொடுக்கும் லூமாக்ஸ், தன் சொந்தப் பெட்டியிலும் விளக்குகளை விற்கிறது. அதைத்தான் வாங்கினேன். பெயர் தெரியாத விளக்கில் என் பயம் கண்ணாடி மங்குவதைப் பற்றி அல்ல, ஒளியைப் பற்றி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். டிம்மில் ஒளியின் விளிம்பு இடது ஓரத்தில் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் விழ வேண்டும். மாறி விழுந்தால் எதிரே பைக்கில் வருபவரின் கண்ணைப் பறித்துவிடும். சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விளிம்பு விழும்படி திருகினேன். கூர்மையான கோடாக விழுந்தது.

பானெட்டை மாற்றவில்லை. ஓரத்தை அண்ணன் தட்டி எடுத்துவிட்டார். உள்சட்டம் கோணாததால் அதுவே போதும். பானெட் லாக்குக்கு மட்டும் யோசிக்காமல் கம்பெனி பொருள்தான், பாலக்காட்டில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண் பார்த்து வாங்கினேன். ஓடும்போது திறந்து கண்ணாடியில் அறையக்கூடிய ஒன்றில் விலை பேச எனக்கு மனமில்லை. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த உதிரிபாகங்கள் 18-க்கு இறங்கியதால் கம்பெனி பொருளின் விலையும் முன்போல் மிரட்டவில்லை.

பெயிண்ட் மட்டும் பாக்கி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிவரும் இந்த நாட்களில் திறந்தவெளியில் அடிக்க முடியாது. மூடிய அறை வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுக்கப்போகிறேன். பம்பருக்குப் பிளாஸ்டிக் பிரைமர் முதலில் அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் நிறம் தோலாக உரிந்துவிடும். திரும்பி வந்ததும் ஃபெண்டரின் உள்மடிப்பில் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சிவிட்டு, சக்கர மறைப்பை மாட்ட வேண்டும். அதற்கான கிளிப்புகள் வாங்கியாகிவிட்டது.