ஏவா ஸ்மித் பேசாத நாடகம்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவர்களுக்கு ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' சிரமம் தராத பாடம். ஓர் இரவு, ஒரு சாப்பாட்டு அறை, அவ்வளவுதான். 1912ஆம் வருஷம். ஆலை முதலாளி பிர்லிங் வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, ஏவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினியைக் குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அந்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் அவளை ஒரு படி கீழே தள்ளியவர்கள் என்று தெரிகிறது. வர்க்கத்தையும் பொறுப்பையும் பற்றி ஆசிரியர் ஏன் எழுதினார் என்று தேர்வில் கேட்பார்கள். கைடில் பதில் தயாராக இருக்கும்: அவர் சோசலிஸ்ட், போரைப் பார்த்தவர். எழுதினால் மார்க் வந்துவிடும்.

பாளையங்கோட்டையில் பாடம் நடத்தும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துக்காரர்கள். அம்மா பீடி சுற்றிய காசில் ஃபீஸ் கட்டுகிறவர்கள். அவர்களிடம் "சோசலிஸ்ட்" என்று போர்டில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக மனசு வராது.

பிரீஸ்ட்லி பிராட்ஃபோர்டில் 1894இல் பிறந்தவர். கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பதினாறு வயதில் படிப்பை விட்டு, கம்பளி வியாபாரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அது 1910. நாடகத்தில் ஏவா ஸ்மித்தும் கூட வேலைசெய்த பெண்களும் வாரத்துக்கு 25 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் செய்வதும், பிர்லிங் அவளை வெளியே அனுப்புவதும் அதே 1910இல்தான். அவர்கள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது இருபத்திரண்டரை ஷில்லிங். வருஷம் தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டரை ஷில்லிங்குக்காக ஓர் ஆளை வெளியே தள்ளுகிற கணக்கு, கம்பெனி மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்குத்தான் இவ்வளவு துல்லியமாக வரும்.

அப்புறம் போர். 1914இல் பட்டாளத்தில் சேர்ந்தார், பதுங்குகுழியில் காயம்பட்டார். அடுத்த போரில், 1940இல், பிபிசி வானொலியில் ஞாயிறு இரவுகளில் பேசினார். போர் முடிந்ததும் பழைய இங்கிலாந்துக்கே திரும்பிப் போகக் கூடாது என்பது அவர் வாதம். நாடகத்தை எழுதியது 1944-45 குளிர்காலத்தில். லண்டனில் அரங்கு கிடைக்காததால் 1945இல் சோவியத் நாட்டில்தான் முதலில் மேடையேறியது. போரே வராது, டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று பிர்லிங் அடித்துச் சொல்கிறபோது, பார்ப்பவர்களுக்கு இரண்டு போர்கள் தெரியும். நமக்கு முன்னால் இருந்தவர்கள் இவ்வளவு நிச்சயமாகப் பேசித்தான் நம்மை இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் புரியவைக்க, கதையை 1912இல் வைத்ததே போதும். கடைசியில் இன்ஸ்பெக்டர் பேசுவது மட்டும் பிரசங்கம்தான். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

1912 என்றதும் வகுப்பில் வ.உ.சி.யைப் பற்றிச் சொல்லாமல் நான் நகர்வதில்லை. பிர்லிங் விருந்து சாப்பிட்ட அந்த வருஷத்தின் டிசம்பரில்தான் வ.உ.சி. கண்ணூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டம். அங்கே வெள்ளைக்காரக் கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வும் வாரம் ஒருநாள் லீவும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள், மார்ச் முதல் வாரத்தில் கம்பெனி இறங்கிவந்தது. மார்ச் 12இல் இருவரும் கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாவு. பிரீஸ்ட்லியின் ஆலைப்பெண்கள் தோற்றார்கள், நம்மவர்கள் ஜெயித்தார்கள் என்பதை இலக்கிய வகுப்பில் சொல்வதில் தப்பில்லை என்பது என் எண்ணம்.

ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், இதுல இன்ஸ்பெக்டர் நேரா முதலாளி வீட்டுக்கே போயிருதாரு. எங்க ஊர்ல பீடிக்கடை வரைக்குந்தான வருவாரு?"

வகுப்பே சிரித்தது. ஆனால் நாடகத்தின் உள்ளே புகுந்த கேள்வி அது. பீடிக்கடையில், வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கு இலையும் தூளும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். இலை மட்டமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் கடைக்காரர் ஏஜெண்டைக் காட்டுவார், ஏஜெண்ட் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி "அவங்க வீட்டுல இருந்து செய்யுறாங்க, எங்க ஆளே இல்லையே" என்றுகூடச் சொல்லும். 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான், இடையில் கான்ட்ராக்டர் இருந்தாலும் முதன்மை முதலாளிதான் பொறுப்பு என்றது. பிர்லிங் வீட்டிலும் இதே கதைதான். ஆளுக்குக் கொஞ்சம் செய்துவிட்டு, கொன்றது நான் இல்லை என்கிறார்கள்.

நாடகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மூன்று அங்கமும் ஏவா ஸ்மித்தைப் பற்றியே பேச்சு, ஆனால் அவள் மேடைக்கே வருவதில்லை. காரணம் புரிகிறது. பிரீஸ்ட்லி கேள்வி கேட்பது டிக்கெட் வாங்கி அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிர்லிங்குகளிடம். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனிடம்தான் பொறுப்பைப் பற்றிக் கேட்க முடியும். என் வகுப்பில் இருப்பவர்களோ அந்தப் புத்தகத்தில் பேர் எழுதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். "நீங்கள் பொறுப்பா?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்பதில் அர்த்தமில்லை.

அதனால் பிரீஸ்ட்லி எழுதாத காட்சியை எழுதச் சொன்னேன்: ஏவா 25 ஷில்லிங் கேட்கிற காட்சி. துறை விழாவில் நம்மூர்ப் பேச்சிலேயே போட்டார்கள். ஏவாவாக நடித்த பெண் அழவே மாட்டேன் என்றுவிட்டாள். கூலி கேட்க எதுக்கு சார் அழணும் என்றாள். அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. திணறியது பிர்லிங்காக நடித்த பையன்தான். எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும் ஏஜெண்ட் மாதிரியே பேசினான். ஏஜெண்ட் பேசி அவன் தினமும் கேட்டிருக்கிறான், முதலாளி பேசி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.