ஏரோட்டிப் பயல்

அக்டோபர் 6
அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். மொழிபெயர்ப்பு இரண்டு பக்கம் நகர்ந்தது.

அக்டோபர் 7
கறுப்பரைத் திட்டும் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லிலேயே நிற்கிறேன். நான் மொழிபெயர்க்கும் ஜாஸ் இசை வரலாற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வருகிறது. 'நீக்ரோ' என்று போட்டால் வசவு காணாமல் போகிறது. நம் பத்திரிகைகள் அதைச் சாதாரணப் பெயராகவே எழுதிய காலம் உண்டு. 'கருப்பன்' என்று போடலாம் என்றால், அது எங்கள் குலசாமி. தாத்தா பெயரும் அதுதான். புள்ளி வைத்து மறைத்தால், சொன்னவன் தப்பித்துக்கொள்கிறான்.

அக்டோபர் 8
ரிசல்ட் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 9
1957 செப்டம்பர் 17, வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தியிருந்த நேரம். லாரி லூபனோ என்ற 21 வயது இதழியல் மாணவர், சாப்பாட்டுத் தட்டோடு ஹோட்டல் அறைக்குள் நுழைந்து, கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பிடித்துவிடுகிறார். ஃபாபஸ் பேச்சை எடுத்ததும் ஆம்ஸ்ட்ராங் தாயை இழுத்துத் திட்டுகிறார். அதை அச்சில் போட முடியாது. இருவருமாகத் தேடி வேறொன்று பிடிக்கிறார்கள்: 'படிப்பில்லாத ஏரோட்டிப் பயல்'. செய்தியை நம்பாத அலுவலகம் அத்தாட்சி கேட்கிறது. மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டிருந்தவரிடம் தாளை நீட்டுகிறார் பையன். எதையும் எடுக்காதே என்று சொல்லி, அடியில் 'சாலிட்' (பிரமாதம்) என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார் ஆம்ஸ்ட்ராங்.

'அங்கிள் டாம்', அதாவது வெள்ளையருக்குக் குழைபவர், என்று சொந்த இனத்தவரே ஏளனம் செய்த மனிதர். இதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது.

அக்டோபர் 10
அப்பாவுக்கு ஊசி ஏறவில்லை. நர்ஸ் கையை விரித்துப் பிடித்திருந்தார். மேழியும் மண்வெட்டியும் தந்த காய்ப்பு, சுண்டுவிரலுக்குக் கீழே மஞ்சளாக, புளியங்கொட்டை கணக்காக.

ஏரோட்டி. யாரையும் உறுத்தாது என்று தேடி எடுத்த வசவு. எனக்கு உறுத்துகிறது.

அக்டோபர் 11
இன்று முழுக்கக் கோபம். நிக் லாரோக்கா பகுதி. 1917 பிப்ரவரி 26 அன்று விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக நியூயார்க்கில் வாசித்த ஐந்து வெள்ளையரில் ஒருவர். ஜாஸ் என்ற பெயரில் வந்த முதல் இசைத்தட்டு அது. ஜாஸ் வெள்ளையர் உண்டாக்கியது, கறுப்பர்கள் பார்த்துக் கற்றவர்கள் என்று கடைசிக் காலம்வரை வாதாடினார். மரியாதையான மொழியிலேயே இதைச் சொல்லிவிடலாம்; புள்ளி வைத்து மறைக்க ஒரு சொல்கூடத் தேவைப்படாது. நியூ ஆர்லியன்ஸ் தெருவெல்லாம் கார்னெட் என்ற ஊதுகருவியை முழங்கிய கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டனை 1907இல் மனநோய் விடுதியில் அடைத்தார்கள். 1931இல் அங்கேயே செத்தார். அவர் வாசித்த ஒரு இசைத்தட்டுகூட நம்மிடம் இல்லை.

அக்டோபர் 12
பதிப்பாசிரியர் கூப்பிட்டார். புள்ளி போட்டுவிடலாமே என்கிறார். இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 13
அப்பா ராத்திரி தூங்கவில்லை. ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். ஆம்ஸ்ட்ராங், 1929, 'ப்ளாக் அண்ட் ப்ளூ'.
"ஏம்மா, இந்த ஆளுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"
"குரலே அப்படித்தாம்ப்பா."
பாட்டு முடியும்வரை கேட்டார். இன்னொரு தடவை வை என்றார்.

அக்டோபர் 14
விடிகாலை நாலு மணிக்குத்தான் உறைத்தது. இத்தனை நாளும் 'ஏரோட்டி'யையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பயல்' கண்ணில் படவே இல்லை. ஆங்கிலத்தில் அது 'பாய்'. பேரன் எடுத்த கறுப்பரைக்கூட வெள்ளையர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளை ஆளுநரைப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் அதையே சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் மீசை முளைக்காத பொடியன்கள் தாத்தாவை "டேய் கருப்பா" என்று கூப்பிட, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

'பயல்' இருக்கட்டும். பதிப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.