லெந்து (தவக்கால) நாட்குறிப்பு: ஆவிகளைப் பகுத்தறிதல்

மார்ச் 3, 2024, ஞாயிறு

நேற்று ராத்திரி கூடுகையிலிருந்து வந்த தம்பி சாப்பிடவே இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அத்தனை பேர் நடுவில் இவனை எழுப்பி நிறுத்தி, "மூன்று வருஷமாக உன் வேலையில் ஒரு தடை இருக்கிறது. கையில் இருக்கும் நிலத்தைக் கர்த்தருக்கு விதையாக விதை, இரட்டிப்பாகத் தருவார்" என்றாராம். மூன்று வருஷத் தடை உண்மைதான். "அவருக்கு எப்படிக்கா தெரியும்?" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா விட்டுப்போன பதினெட்டு சென்ட் அது. விதைப்பது என்றால் அதை விற்று ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. எனக்கு உடனே 'பொய்' என்று தோன்றியது. அவ்வளவு சீக்கிரம் தோன்றியதுதான் இப்போது உறுத்துகிறது. அந்த நிலத்தில் பாதி என் பங்கு.

மார்ச் 5, செவ்வாய்

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரம். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் அடிமைப்பெண் பவுலின் பின்னாலேயே வருகிறாள். இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர், இரட்சிப்பின் வழியை அறிவிக்கிறவர்கள் என்று சத்தமிடுகிறாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! பவுலே பிரசங்கத்தில் சொல்லியிருக்கக்கூடியதுதான். ஆனாலும் அவளுக்குள் இருந்த ஆவி தேவனுடையது அல்ல.

தம்பியின் கேள்விக்கு இதை விட்டால் எனக்கு வேறு பதில் தெரியவில்லை. சொன்னது பலித்ததா, சரியாக இருந்ததா என்பதை மட்டும் வைத்து, சொல்ல வைத்தது யார் என்று முடிவுகட்ட முடியாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பகுதியில் 'ஆதாயம்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. அவள் எஜமான்களுக்கு ஆதாயம் உண்டாக்கினாள். ஆவி நீங்கியதும் அவர்கள் தங்கள் ஆதாயத்து நம்பிக்கை அற்றுப்போனதைக் கண்டு பவுலைப் பிடித்தார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. எனக்கு அது எப்போதும் வருத்தம்.

பவுலும் முதல் நாளே திரும்பி அந்த ஆவியைத் துரத்திவிடவில்லை. 'அநேகநாள்' என்று இருக்கிறது. நான் ஒரு நொடியில் முடிவுசெய்தேன்.

மார்ச் 6, புதன்

1 கொரிந்தியர் 12:10-ல் வரங்கள் வரும் வரிசையைப் பார்த்தேன். பாஷைகளுக்குப் பக்கத்தில் வியாக்கியானம். தீர்க்கதரிசனத்துக்குப் பக்கத்தில் ஆவிகளைப் பகுத்தறிதல், அதாவது பேச வைப்பது தேவ ஆவியா வேறு ஆவியா என்று கண்டறிவது. ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்ததுபோல் இருக்கிறது. 14:29-ல் இன்னும் தெளிவு: தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். நம் கூட்டங்களில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றதும் ஆமென், ஸ்தோத்திரம், அடுத்த பாட்டு. நிதானிக்க ஒரு நிமிஷம் விடுவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மார்ச் 9, சனி

டிடாக்கே படித்தேன். ஆதிச் சபையின் சிறிய கையேடு. பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்து, 1883-ல் அச்சில் வந்தது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் எப்படி அறிவது என்று அதில் சொல்லியிருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளன். ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். எவ்வளவு நடைமுறை அறிவு! ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசி அல்ல, கர்த்தருடைய வழிகளில் நடக்கிறவனே தீர்க்கதரிசி என்றும் இருக்கிறது.

தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கோபப்பட்டான். "ஆவியை அவித்துப்போடாதேக்கா" என்றான், அணைத்துவிடாதே என்ற அர்த்தத்தில். அவனும் வசனம்தான் சொன்னான். 1 தெசலோனிக்கேயர் 5-ல் அதற்கு அடுத்தது தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். அதற்கும் அடுத்தது எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் முதல் வசனத்தில் நின்றான், நான் கடைசி வசனத்தில் நிற்கிறேன். மூன்றையும் சேர்த்து வாசிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மார்ச் 14, வியாழன்

பாளையங்கோட்டையில் இருக்கும் கத்தோலிக்கத் தோழியிடம் போனில் பேசினேன். ஆவிகளைப் பகுத்தறிவதை அவர்கள் 'தெளிந்து தேர்தல்' என்கிறார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கதையைச் சொன்னாள். (1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரின் நண்பர்தான்.) 1521-ல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு, காலொடிந்து லொயோலாவில் படுக்கையில் கிடந்தார். வீரசாகசங்களைக் கனவு காணும்போது இன்பமாக இருக்கும், பிறகு மனம் வறண்டுபோகும். புனிதர்களைப்போல் வாழ்வதாக நினைத்தால் அப்போதும் இன்பம், நினைத்து முடித்த பிறகும் நிறைவு. நெடுநாள் இந்த வித்தியாசத்தை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்த நாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

என் விஷயத்தில் மிஞ்சுவது என்ன? தம்பியைத் தடுத்து வாதாடி ஜெயித்த ராத்திரிகளில் எனக்கு ஜெபம் வரவில்லை. அவன் ஏமாந்துவிடக்கூடாதே என்று அழுத அன்று வந்தது. இரண்டும் எனக்குள்தான் இருக்கின்றன, இரண்டும் 'விற்காதே' என்றுதான் சொல்கின்றன.

மார்ச் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து இருவருமாக எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போனோம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரையும் அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். சபையில் ஆவிகளைப் பகுத்தறியும் வரம் உள்ளவர் என்று எல்லாரும் நம்புகிறவர். நிலத்தில் பாதி என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு லேசானது.

டீச்சர் அந்த ஊழியக்காரரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த வார்த்தை வந்ததிலிருந்து தூக்கம் எப்படி, தம்பி?" என்றார். தூக்கமே இல்லை என்றான். மாசக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் தவறிவிடும் என்று அங்கிருந்து இரண்டு முறை போன் வந்ததாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அப்போ இருப்பது சந்தோஷமா, பயமா?" அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பயம்தான்" என்றான்.

ஐயர் ஜெபித்தார். ஈஸ்டர் முடியும்வரை பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்றார். தம்பி சரி என்றான்.

திரும்பி வரும்போது, "அந்த மூன்று வருஷம் அவருக்கு எப்படிக்கா தெரிந்தது?" என்று மறுபடியும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். வீட்டில் அம்மா புளிக்குழம்பு வைத்திருந்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.