நுங்ஷிகும் மலையேறிய டாங்கிகள்

மணிப்பூரில், இம்பாலுக்கு வடகிழக்கே, வயல்வெளியை ஒட்டித் தனியாக எழுந்து நிற்கிறது நுங்ஷிகும் மலை. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் உயரம் கொண்ட இதன் சரிவில், இரண்டாம் உலகப் போரில் முப்பது டன் எடையை நெருங்கும் லீ டாங்கிகள் ஏறின என்பதைக் கீழே நின்றபோது நம்ப முடியவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது இன்னும் நம்ப முடியவில்லை.

ஏறியவை 254-ஆவது இந்திய டாங்கி பிரிகேடைச் சேர்ந்தவை. 1941-இல் உருவாகி, போரோடு முடிந்துபோன இந்தப் படைப்பிரிவில் ஜப்பானியருக்கு எதிரான இம்பால் போரின்போது லீ டாங்கிகளோடு மூன்றாவது கார்பினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ரெஜிமெண்டும், இலகுவான ஸ்டூவர்ட் டாங்கிகளோடு ஏழாவது லைட் கேவல்ரி என்ற இந்திய ரெஜிமெண்டும் இருந்தன. டாங்கியை நெருங்கி வெடிவைக்க வரும் எதிரியைத் தடுக்கக் கூடவே நடந்து சென்ற பம்பாய் கிரெனேடியர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

1944 ஏப்ரலில் ஜப்பானியர் இந்த மலையைப் பிடித்தனர். இங்கிருந்து இம்பாலில் இருந்த நான்காவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தலைமையகம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான். உச்சியில் நின்றால் சமவெளி முழுவதும் உள்ளங்கைபோல் விரிகிறது. ஏப்ரல் 13 அன்று விமானங்களும் பீரங்கிகளும் உச்சியைத் தாக்கிய பின், டோக்ரா காலாட்படையின் இரண்டு கம்பெனிகளோடு கார்பினியர்ஸின் பி ஸ்க்வாட்ரன் என்ற டாங்கி அணி மேலேறியது. ஐரோப்பியப் போர்க்களத்துக்குப் பழசாகிவிட்ட லீ டாங்கி, உயரமானது. அதன் பெரிய பீரங்கியோ சுழலும் கோபுரத்தில் இல்லாமல் உடலின் வலப்பக்கத்தில் இருந்தது. ஆனால், இவ்வளவு செங்குத்தான மலையில் டாங்கி வரும் என்று எதிர்பாராதவர்களுக்கு அதுவே போதுமான அதிர்ச்சியாக இருந்தது.

உச்சியின் முகடு மிகக் குறுகலானது என்பதால் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகர வேண்டியிருந்தது. சக்கரச் சங்கிலி எங்கே சரிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாததால், வழி சொல்வதற்காக அதிகாரிகள் கோபுரத்துக்கு வெளியே தலையை நீட்டினர், நீட்டிய தலைகளைக் குறிபார்த்து ஜப்பானியர் சுட்டனர். அங்கே சென்ற ஸ்க்வாட்ரன் அதிகாரிகள் அனைவரும் மாண்டனர். டோக்ரா கம்பெனித் தளபதிகள் இருவரும் காயமடைந்தனர். எஞ்சிய போரை ஸ்க்வாட்ரன் சார்ஜென்ட் மேஜர் க்ராடக்கும் டோக்ராக்களின் சுபேதார் ரண்பீர் சிங்கும் சேர்ந்து நடத்தி மலையை மீட்டனர். கார்பினியர்ஸின் வழிவந்த பிரிட்டிஷ் ரெஜிமெண்டில் இன்றும் அந்த நாளில் பி ஸ்க்வாட்ரன் அதிகாரிகள் இல்லாமல், சார்ஜென்ட் மேஜரின் தலைமையில்தான் அணிவகுக்கிறது.

1945-இல் ஐராவதியைக் கடந்து ரங்கூன் திசையில் இறங்கிய பிரிகேடு, போர் முடிந்ததும் இல்லாமல் போனது. ஏழாவது லைட் கேவல்ரி மட்டும் நம்மூர்க்காரர்களுக்கு வேறு வகையில் நெருக்கமானது: 1784-இல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய அதே ரெஜிமெண்ட், 1948 நவம்பரில் காஷ்மீர்ப் போரில் ஸ்டூவர்ட் டாங்கிகளை இமயமலையின் சோஜி லா கணவாய்க்கே கொண்டுபோய் நிறுத்தியது. மலையேறும் பழக்கம் இம்பாலில் வந்ததோ என்று எண்ணியபடி, முழங்கால் நடுங்க இறங்கத் தொடங்கினேன்.